மூன்று விழுக்காட்டு நியாயம்

மலேசியாவில் ஒரு பிஸ்கட் பொட்டலத்தின் மேல் ‘செம்பனை எண்ணெய் இல்லை’ என்று அச்சடித்து விற்றுப் பாருங்கள். 2022 மார்ச் 15 முதல் அது குற்றம். விற்பது கம்பெனி என்றால் 250,000 வெள்ளி வரை அபராதம். தனி ஆள் என்றால் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ. பொய் எழுதினால்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே செம்பனை எண்ணெய் ஊற்றாமல், ஊற்றவில்லை என்ற உண்மையை எழுதினாலும் குற்றம்தான். மரத்துக்கும் மானம் உண்டு, அதைக் காக்கச் சட்டமும் உண்டு.

இதே நாட்டில் இன்னொரு விதி இருக்கிறது. உணவில் மரபணு மாற்றிய சோயாவோ சோளமோ இருந்தால் அதைப் பொட்டலத்தின் மேல் எழுத வேண்டும். 2010 ஜூலையில் அரசிதழில் வந்தது. வியாபாரிகளுக்கு இரண்டு வருஷம் அவகாசம் கொடுத்து, 2012 ஜூலையில் அமல் என்றார்கள். 2012 வந்தது, 2014 ஜூலை என்றார்கள். அந்த 2014-உம் போய் எத்தனையோ தீபாவளி ஆயிற்று. சுங்கைப் பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் என்று நான் நுழைந்த பேரங்காடி எதிலும் ‘மரபணு மாற்றிய சோயாவிலிருந்து தயாரித்தது’ என்று எழுதிய ஒரு புட்டியை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. ஒருவேளை என் கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்னவோ.

இத்தனைக்கும் சோயா இந்த மண்ணில் விளைகிற சரக்கில்லை. நாம் தின்பது முக்கால்வாசிக்கு மேல் அமெரிக்கா, அர்ஜென்டினா, பிரேசில், கனடா என்று கப்பலேறி வருவது. அமெரிக்காவில் விளையும் சோயாவில் 100-க்கு 90-க்கு மேல் மரபணு மாற்றியது. அர்ஜென்டினாவில் அதைவிடக் கூடுதல். வருகிற இடத்தில் பெரும்பகுதி அப்படி, வந்து சேர்ந்த இடத்தில் ஒன்றுகூட அப்படியில்லை என்றால், நடுக்கடலில் ஏதோ மகான் கப்பலுக்குத் தீர்த்தம் தெளித்திருக்க வேண்டும்.

மகான் யாரென்று தேடிப் போனால் விதியிலேயே உட்கார்ந்திருக்கிறார். கலப்பு மூன்று விழுக்காட்டுக்கு மேல் போகாமல், அதுவும் தற்செயலாகவோ தொழில்நுட்ப ரீதியில் தவிர்க்க முடியாமலோ நேர்ந்திருந்தால் எழுதத் தேவையில்லை. நன்றாகச் சுத்திகரித்த எண்ணெய் என்றால் எழுதத் தேவையில்லை, அதில் மரபணு மிஞ்சாதாம். மரபணு மாற்றிய தீவனம் தின்ற கோழியின் இறைச்சிக்கும் எழுதத் தேவையில்லை. இந்த மூன்று வாசலையும் திறந்து வைத்துவிட்டு, நான்காவது வாசலில் காவலுக்கு ஆள் போடாமல் விட்டார்கள். ஐரோப்பாவில் எல்லைக்கோடு 0.9 விழுக்காடு, அங்கே சுத்திகரித்த எண்ணெய்க்கும் தப்பு வழி கிடையாது. ஜப்பான்காரன் 2001-லேயே எழுத வைத்தான். ‘மரபணு மாற்றாதது’ என்று பெருமையடிக்க வேண்டுமானால் துளிகூட அகப்படக் கூடாது என்று 2023 ஏப்ரலில் இன்னும் இறுக்கினான். நமக்கு மூன்று.

இந்த மூன்று விழுக்காட்டு நியாயம் எனக்குப் பிடித்திருக்கிறது. எல்லாருக்கும் பொதுவாக்கினால் இன்னும் பிடிக்கும். தாமான் வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை கட்டும்போது மூன்று விழுக்காடு குறைத்துக் கட்டிவிட்டு, ‘இந்தக் குறைவு தற்செயலானது, தவிர்க்க இயலாதது’ என்று பேங்குக்கு ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள். மோட்டார் சைக்கிளில் சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டு, ‘நான் தாண்டிய விளக்குகள் மொத்த விளக்குகளில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு, டத்தோ’ என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள். ஏழைக்குப் பைசாக் கணக்கு, கப்பலுக்குக் குத்துமதிப்புக் கணக்கு.

சரி, மரபணு மாற்றாத சோயாவே கிடைக்கவில்லையா? கிடைக்கிறது, தாராளமாகக் கிடைக்கிறது. பேரங்காடியின் குளிர்ப் பெட்டிக்குப் போங்கள். அட்டைப் பெட்டிச் சோயா பாலின் நெற்றியில் பச்சை எழுத்தில், இலைப் படத்தோடு, ‘மரபணு மாற்றாத சோயா’ என்று எழுதியிருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே தனியாக விதைத்து, அறுவடை இயந்திரத்தைக் கழுவி, தனிக் கிடங்கில் வைத்து, தனிக் கொள்கலனில் ஏற்றி அனுப்புகிற விவசாயிகள் இருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கூடுதல் விலை வாங்குகிறார்கள். நியாயம்தான், வேலை கூடுதல். அந்தக் கூடுதலை யார் கொடுக்கிறார் என்றால், அட்டைப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துப் படித்து வாங்குகிற வசதியுள்ளவர். ஆக, ‘இல்லை’ என்று எழுத ஆள் இருக்கிறது, ஏனென்றால் அதில் காசு இருக்கிறது. ‘இருக்கிறது’ என்று எழுத யாருமில்லை. நீங்கள் என்ன தின்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமையை அரசாங்கம் உங்களுக்குக் கொடுக்கவில்லை. கம்பெனி அதை விலைக்கு விற்கிறது.

விலை கொடுக்க முடியாதவர் எங்கே வாங்குகிறார் என்று பார்ப்போம். சுங்கைப் பட்டாணி காலைச் சந்தையில், மீன்காரிக்கும் கீரைக்காரருக்கும் நடுவில், தண்ணீர் நிறைந்த நீல வாளியில் சோயாவில் செய்த தௌஹு வெள்ளைக் கட்டியாக மிதக்கிறது. எங்கள் தாமானில் இருக்கும் ஒரு அக்கா வாராவாரம் அங்கேதான் வாங்குகிறார். தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே வேலை செய்து, லயத்தை இடித்தபோது வெளியே வந்தவர். ஒருநாள் நான் கேட்கச் சொன்னேன் என்பதற்காகக் கேட்டார்:

“தவுக்கே, இது எந்த ஊரு கச்சான்?”

தௌஹு விற்பவர் தோட்டப்புறத்துச் சீனர், நம் பிள்ளைகளைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். “கச்சானுக்கு ஏதுக்கா ஊரு? மூட்டையில வருது, ஊற வைக்கிறேன், அரைக்கிறேன்.”

“மாத்துன கச்சானா, மாத்தாததா?”

“உங்களுக்கு மாத்தி வேணுமா? இருங்க, பெரிய துண்டா எடுத்துத் தாரேன்.”

அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாளிக்கு ஏது முகப்பு, எதில் எழுதுவார்? அதிகாரிகள் சந்தைக்கு வருவதில்லை என்றும் சொல்ல மாட்டேன், வருகிறார்கள். தராசைப் பார்ப்பார்கள், தைஃபாய்டு ஊசி போட்ட அட்டையைக் கேட்பார்கள், எலிப்புழுக்கை தேடுவார்கள். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் சோயாவைச் சோதிக்கக் கோலாலம்பூர் ஆய்வுக்கூடம் வரை போக வேண்டியதில்லை. கைப்பிடி சோயாவை அரைத்துத் தண்ணீரில் கலக்கி, அதில் ஒரு காகிதக் கீற்றை நிறுத்தினால் சில நிமிஷத்தில் கோடு தெரியும்: ஒரு கோடு என்றால் இல்லை, இரண்டு கோடு என்றால் இருக்கிறது. வட அமெரிக்காவில் தானியக் கிடங்கு வாசலில் லாரி நிற்கும்போதே இதைச் செய்கிறார்கள். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டு இந்தக் கோட்டை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. மனிதன் மூக்கில் தேடத் தெரிந்தவர்களுக்கு மூட்டையில் தேடத் தெரியாதா?

தேடத் தெரியும். ஹலால் விஷயத்தில் இந்த நாடு காட்டும் கவனத்தைப் பாருங்கள். உலகத்தின் எந்த மூலையில் அறுத்த மாடானாலும், அறுத்த கை, கத்தி, சான்று கொடுத்த அமைப்பு என்று நூல் பிடித்துப் போய் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிம் தேடும். பாராட்ட வேண்டிய வேலை. முஸ்லிம் பயனீட்டாளர் தனக்கு வேண்டியதை விட்டுக்கொடுக்காமல் கேட்டார், நாடு செய்தது. ஒரு பொருளை மூலம் வரை தொடர்ந்து போவது இங்கே முடியாத காரியம் என்று இனி எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. மனம் இல்லை என்று சொல்லட்டும்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே வாட்ஸ்அப்பில் என் பெயரில் வேறு கதை ஓடும். மரபணு மாற்றிய சோயாவைத் தின்றால் நாளை வால் முளைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. சந்தையில் உள்ள இவ்வகை உணவுகள் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டியவை, உடம்புக்குக் கெடுதல் செய்ய வாய்ப்பில்லை என்றுதான் உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. சொல்லட்டும். அவ்வளவு நல்ல சாமான் என்றால் அதன் பெயரை முகத்தில் எழுத ஏன் இந்த வெட்கம்? என் கோபம் அந்தப் பருப்பின் மேல் இல்லை. அந்தப் பருப்பை எதற்காக மாற்றினார்கள் என்பதில் இருக்கிறது.

சத்து கூட்ட மாற்றவில்லை, ருசி கூட்டவும் மாற்றவில்லை. களைமருந்து அடித்தால் களை சாக வேண்டும், சோயா சாகக் கூடாது. அதற்காக மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவை எடுத்துச் சோயாவுக்குள் வைத்தார்கள். வைத்தது மான்சாண்டோ, பயிருக்கு வந்தது 1996. அந்தக் களைமருந்தின் பெயர் கிளைஃபோசேட், கடையில் ரவுண்டப். அதை விற்றதும் மான்சாண்டோதான். மருந்தை விற்றவனே மருந்துக்குச் சாகாத விதையையும் விற்றான்.

ரவுண்டப் என்ற பெயரைக் கேட்டதும் பட்டணத்துப் படித்தவர் இணையத்தில் தேடுவார். எங்கள் கெடா மாநிலத்தின் தோட்டத்துப் பெண்களுக்குத் தேட வேண்டியதில்லை, முதுகு சொல்லும். பதினாறு, பதினெட்டு லிட்டர் மருந்துத் தண்ணீர் நிறைந்த பம்பு முதுகில். இடது கையால் நெம்புகோலை அடித்துக்கொண்டே, வலது கையால் குழாயை வீசிக்கொண்டே, செம்பனை வரிசைக்கு வரிசை நடக்க வேண்டும். மூடி சரியாக இறுகாத பம்பு என்றால் முதுகெல்லாம் மருந்து ஒழுகும். காற்று எதிரே அடித்தால் முகத்தில். பெரட்டுக்கு விடியுமுன் போய்ப் பெயர் கொடுத்து, மருந்து கலக்கி, பத்து மணிக்கு அதே கையால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். பால்மரத்தில் கத்தி பிடிக்க உடம்பு ஒத்துழைக்காத பெண்ணுக்கு மண்டோர் கொடுக்கும் ‘லேசான வேலை’ இது. ஆண்கள் தூக்கத் தயங்கிய பம்பு இது என்று சொல்லலாமா? சொல்லலாம், நானே பார்த்திருக்கிறேன்.

அந்தப் பம்பில் கிளைஃபோசேட் மட்டும் இல்லை. பல தோட்டங்களில் முதலில் இருந்தது பாராகுவாட் என்ற இன்னொரு களைமருந்துதான். நகம் கறுத்து விழும், மூக்கில் ரத்தம் வரும், தோல் வெடிக்கும். இதையெல்லாம் எழுதிப் புத்தகமாக்கியவர் நம்ம சுங்கைப் பட்டாணியில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்த ஐரின் பெர்னாண்டஸ். அவருடைய தெனாகானித்தா அமைப்பு 2002-இல் தோட்டங்களில் பூச்சிமருந்து விஷம் பற்றிய ஆய்வை வெளியிட்டது. நாடு அவருக்குச் செய்த மரியாதை தனிக்கதை: குடியேறிகள் தடுப்பு முகாம்களின் கொடுமையை எழுதியதற்காக 1996-இல் வழக்கு, 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை, 2008-இல் விடுதலை. உண்மை எழுதினால் வழக்கு என்பது செம்பனைச் சட்டத்தோடு வந்த புதுப்பழக்கமில்லை பாருங்கள்.

பாராகுவாட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன், நம் அரசாங்கத்தின் நடையழகு அதில்தான் முழுதாகத் தெரியும். 2002-இல் தடை என்று அறிவித்தார்கள். தோட்ட முதலாளிகள் தலையில் கை வைத்தார்கள். 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் எஸ்.எம். முகமது இத்ரிஸ் கத்திக்கொண்டே இருந்தார். ஐரின் 2014-இல் இறந்தார். இத்ரிஸ் 2019 மே மாதம் இறந்தார். 2020 ஜனவரி 1-ஆம் தேதி பாராகுவாட் ஒருவழியாகத் தடையானது. கேட்டவர்கள் எல்லாரும் செத்தபிறகு கொடுப்பதற்குப் பெயர் கொள்கை முடிவு.

கிளைஃபோசேட் இன்னும் இருக்கிறது. அதை ‘மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற வகையில் 2015-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அப்படி இல்லை என்கிறது. அறிஞர்கள் அடித்துக்கொள்ளட்டும். கலிபோர்னியாவில் பள்ளித் திடலுக்கு இந்த மருந்து அடித்த ஒருவருக்கு 2018-இல் ஜூரி 28.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. பிறகு மேல்முறையீட்டில் வெகுவாகக் குறைந்தது. மான்சாண்டோவை வாங்கிய பேயர், 2020-இல் இந்த வழக்குக் குவியலைத் தீர்க்க ஏறக்குறைய 1,090 கோடி டாலர் ஒதுக்கியது, தப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமல். பாடாங் செராயிலும் பாலிங்கிலும் அதே மருந்தை அடித்த நம் அக்காவுக்கு என்ன கிடைத்தது? தோட்டம் விற்றபோது லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஒரு நோட்டீஸ். இப்போது அவர் இடத்தில் பம்பு தூக்குவது வங்காளதேசத்துப் பையன். அவனுக்கு லயமும் இல்லை, நோட்டீஸைப் படிக்க மொழியும் இல்லை.

இடையில் ஒரு புல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலாய்க்காரர் ‘ரும்புட் சம்பாவ்’ என்பார்கள். வாசலில், வாய்க்கால் ஓரத்தில், தோட்டத்தில் எங்கும் விரிந்து கிடக்கும். கிளைஃபோசேட்டுக்குச் சாகாமல் நின்ற புல் என்று உலகத்தில் முதலில் ஆஸ்திரேலியாவில் ஒன்று 1996-இல் அகப்பட்டது. இரண்டாவது, இதே சம்பாவ் புல், 1997-இல் மலேசியாவில். கம்பெனி விதையில்லை, ஆய்வுக்கூடமில்லை, காப்புரிமையில்லை. தலையில் மருந்து விழ விழ அதுவாகவே கற்றுக்கொண்டது. இந்த நாட்டில் கிளைஃபோசேட்டை உருப்படியாக எதிர்த்து நின்றது இதுவரை அந்தப் புல் ஒன்றுதான்.

‘மரபணு மாற்றாதது’ என்ற பச்சை எழுத்தை நம்பி மயங்குகிறவர்களையும் சும்மா விட எனக்கு விருப்பமில்லை. கெடாவைவிட நல்ல பாடம் இதற்கு வேறெங்கே கிடைக்கும்? நாட்டின் நெற்களஞ்சியம் என்று பள்ளியில் படித்த மூடா சமவெளி. அங்கே 2010-இல் வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மர்டியும் பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனியும் சேர்ந்து ஒரு நெல்லைக் கொண்டுவந்தன. மரபணு மாற்றியதல்ல, சத்தியமாக அல்ல; திடீர் மாற்றம் கண்ட நெல்லைக் கலப்பினம் செய்து எடுத்தது. ஆனால் அதன் குணமும் அதே குணம்: அதற்கென்று உள்ள களைமருந்தை அடித்தால் வயலில் களையாக முளைக்கும் காற்றுநெல் சாகும், இது சாகாது. விதையும் மருந்தும் சேர்ந்தே விற்கப்பட்டன. சில போகங்களில் காற்றுநெல்லும் அந்த மருந்துக்குச் சாகாமல் நிற்கக் கற்றுக்கொண்டது. முகப்பில் ‘மரபணு மாற்றாதது’ என்று எழுதினால் சட்டப்படி அது உண்மை. மருந்து விற்றவன் கல்லாவும் சட்டப்படி நிறைந்தது.

இனிச் செம்பனைக்கு வருவோம், மான நஷ்டச் சட்டத்தின் நாயகிக்கு. மலேசியச் செம்பனை எண்ணெயை வெளிநாட்டில் விற்கப் போகும்போது நம் ஆட்கள் முதலில் அடிக்கும் தம்பட்டம் என்ன தெரியுமா? ‘எங்கள் எண்ணெய் மரபணு மாற்றாதது.’ சோயா எண்ணெய் மேல் எறியும் கல் அது. 1980-களின் கடைசியில் அமெரிக்கச் சோயா சங்கம் செம்பனை எண்ணெயை மாரடைப்பு எண்ணெய் என்று தூற்றி, பொட்டலத்தில் எழுத வைக்கப் பார்த்தபோது, அமைச்சர் லிம் கெங் யெய்க் தலைமையில் நாடே கொதித்தெழுந்து வாஷிங்டன் வரை போய் மல்லுக்கு நின்றது. கூச்சல் வீண்போகவில்லை. ஆக, பொட்டலத்தின் மேல் எழுதும் ஒரு வரிக்கு எவ்வளவு பலம் என்று நம் அரசாங்கத்துக்கு ஏறக்குறைய நாற்பது வருஷமாகத் தெரியும். வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லும்போது ‘மரபணு மாற்றாதது’ என்பது தகவல். உள்நாட்டுக்காரன் கேட்கும்போது அதே தகவல் வணிகத்துக்கு இடைஞ்சல். ஜெர்மனிக்காரன் தெரிந்துகொள்ளலாம், லூனாஸ்காரன் தெரிந்துகொள்ளக் கூடாது.

தாய்நாட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்திய வயலில் மரபணு மாற்றிய சோயா விளைவதில்லை என்பது உண்மை. கோழித் தீவனம் விலையேறியதும் 2021-இல் அதே இந்தியா 12 லட்சம் டன் மரபணு மாற்றிய சோயாப் புண்ணாக்கை இறக்க அனுமதி கொடுத்ததும் உண்மை. கொள்கை என்பது கோழி கூவும் வரைதான் போலிருக்கிறது.

எல்லாப் பழியையும் புத்ராஜெயாவின் மேல் போட்டுவிட்டு நாம் கை கழுவிவிட முடியுமா? கெடா தமிழன் எப்போதும் இப்படி வாய்மூடிக் கிடந்தவனில்லை. 1946, 47-இல் பீடோங் பக்கத்து ஹார்வார்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை என்று ஒன்றைத் திரட்டினார். அவர்கள் கேட்டதில் முக்கியமானது என்ன? கள்ளுக்கடையை மூடு. தோட்ட நிர்வாகமே கள்ளுக்கடை வைத்து, இடது கையால் கொடுத்த கூலியை வலது கையால் பிடுங்கிக்கொண்டிருந்த காலம். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிகள், தங்கள் தொண்டைக்குள் எது போகலாம் எது போகக் கூடாது என்று துரையிடம் சொன்னார்கள். கடை வாசலில் மறியல் செய்தார்கள். போலீஸ் அடித்தது, 1947-இல் பீடோங்கில் தொழிலாளி ஒருவர் அந்த அடியில் செத்தார். அவர் பேத்தி இன்றைக்கு ஏதாவது தாமானில் இருப்பாள், பட்டம் வாங்கியிருப்பாள். பொட்டலத்தைத் திருப்பிப் படித்தால் அவளுக்குப் புரியும், அதில் எழுதியிருந்தால்.

அவள் பட்டம் வாங்கி என்ன? நம் ஆட்கள் உணவு விஷயத்தில் கேட்கும் கேள்வி இரண்டே: விலை குறையுமா, காரம் போடுவீர்களா? தேர்தல் வந்தால் ஒரு மூட்டை அரிசி, ஒரு புட்டி எண்ணெய், ஒரு பெட்டி சோயா பால் என்று ஒய்பி, அதாவது தொகுதியின் மக்கள் பிரதிநிதி, தரும் ‘அன்பளிப்பு’ இறங்குகிறது. வரிசையில் நின்று வாங்கி, படம் எடுத்து, முகநூலில் போட்டு, ‘ஒய்பிக்கு நன்றி’ என்று எழுதுகிறோம். அந்த எண்ணெயில் என்ன, அந்தப் பாலில் என்ன என்று ஒய்பிக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

சைவம் பேசுகிறவர்களாவது கேட்பார்கள் என்று நம்பினேன். ஏனென்றால் இந்த நாட்டில் கிலோக்கணக்கில் சோயா தின்கிற தமிழர் என்றால் அவர்கள்தான். புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் கோயிலில் சோயாவில் செய்த ஆட்டுக்கறி, சோயாவில் செய்த மீன் (தோலுக்குக் கடற்பாசி ஒட்டியது), சோயாவில் செய்த கோழித் தொடை, அதில் எலும்புக்குப் பதில் கரும்புக் குச்சி. மாமிசத்தைத் துறந்துவிட்டோம், அதன் வடிவத்தைத் துறக்க மனமில்லை. உறைந்த பொட்டலமாக வருகிறது, அட்டையில் பொடி எழுத்தில் ‘சோயாப் புரதம்’ என்று மட்டும் இருக்கும். எந்தச் சோயா?

எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றின் அன்னதானக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேட்டேன். வாங்குகிற கடைக்காரரிடம் ஒரு கடிதம் கேட்போம், மரபணு மாற்றியதா இல்லையா என்று எழுதித் தரட்டும். நாம் மொத்தமாக வாங்குகிறோம், கேட்டால் கொடுப்பான். மாவட்டத்தில் உள்ள கோயில்கள் எல்லாம் சேர்ந்து கேட்டால் இறக்குமதிக்காரனே இறங்கி வருவான். பேசி முடித்ததும் கொஞ்சம் கைதட்டல்கூட விழுந்தது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்துக்கொண்டார். “தம்பி சொல்றது ரொம்ப நல்ல விஷயம். ஆனா அந்த ஆட்டுக்கறியில முட்டை வெள்ளை கலந்திருக்காமே, பத்து வருஷமா சாமிக்கு அதைத்தான் படைச்சிருக்கோம்னு போன வாரம்தான் எனக்கே தெரிஞ்சுது. முதல்ல அதை யாரும் வெளியில சொல்லாதீங்க. அடுத்தது என்ன, பந்தலா?”